கல் மிதக்குமா என்று கேட்டார்கள்

சுமலதாவுக்குத் தூக்கம் வராத வியாதியெல்லாம் கிடையாது. தலையைச் சாய்த்தால் போதும். சாய்க்க விடாமல்தான் ஒரு குடும்பமும் ஒரு கம்பெனியும் ஆள் மாற்றி ஆள் காவல் காத்துக்கொண்டிருந்தன. தேர்வாய் கண்டிகையில் கார் கதவுக்கு வைக்கிற ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் அவள் செக்கிங்கில் இருந்தாள். ஷிப்டு வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணை மூடுவாள், கம்பெனி கேட்டில்தான் திறப்பாள். ஊரிலிருந்து கேட் வரைக்குமான அந்த வேன் தூக்கம் ஒன்றுதான் யாரும் பங்கு கேட்காத அவளுடைய சொத்து.

இப்போது அதுவும் போயிற்று. மாமனார் இராமலிங்கத்துக்கு இதயத்தில் அடைப்பு என்று, திருவள்ளூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள். கூட இருக்கப்போவது யார் என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே முடிவாகிவிட்டது. மாமியார் பச்சையம்மாவுக்கு முட்டி வலி. புருஷன் பாஸ்கர் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், அவன் ஒரு நாள் வராவிட்டால் ஒரு ஷிப்டே நின்றுபோகும். சுமலதா வராவிட்டால் ரப்பர் பட்டையை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பது எல்லோருடைய எண்ணம். அவளுடைய சூப்பர்வைசர் குணா மட்டும் அப்படி எண்ணவில்லை. ஆனால் குணாவை யார் கேட்டார்கள்.

இராமலிங்கம் நெல் விவசாயி. அவரும் தம்பி வீரராகவனும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பிறகும் ஒரே மோட்டாரில்தான் தண்ணீர் பாய்ச்சினார்கள். இவர் நிலத்துக்கு அவர் மடை திறப்பார், அவர் நிலத்துக்கு இவர். பேச்சு மட்டும் சிக்கனம். வீரராகவன் வந்து "இன்னாண்ணா" என்பார், இவர் "ம்" என்பார், அதிலேயே ஒரு போகத்து விவசாயம் பேசி முடிந்துவிடும். மருமகளிடமும் அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் அவள் ஷிப்டு முடிந்து வரும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டிருக்கும். போட்டது யார் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அஸ்வினி வந்தார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். தன்னைப் போலவே தூங்காத ஒருத்தி என்று சுமலதாவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. டாக்டர் ஒரு ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, இராமலிங்கத்தைக் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் ஜெல்லியைத் தடவி, ஸ்கேன் கருவியை நோகாமல் வைத்தார்.

"புள்ளத்தாச்சிங்களுக்கு வயித்துல வெக்கறது இல்ல இது?" என்றார் இராமலிங்கம், கண்ணை மூடியபடியே.

"அதேதான்ப்பா. கண்ணுக்குப் பின்னாடி ஒரு நரம்பு மூளைக்குப் போகுது. அது மேல ஒரு உறை இருக்கு. எவ்வளவு தடிப்பா இருக்குன்னு அளந்து பாக்கறேன்."

"பாரும்மா. ஆணா பொண்ணானு மட்டும் சொல்லிடாத, சட்டப்படி குத்தம்."

டாக்டர் சிரித்துவிட்டார். திங்கள்கிழமை ஆபரேஷன் முடிந்ததும் ஐசியுவில் மறுபடியும் அதே மெஷின் வந்தது. இந்த முறை இமைமேல் வைத்தார், வயிற்றின் வலது பக்கத்திலும் வைத்தார். பிறகு வெளியே வந்து சுமலதாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்க சில பேருக்கு ரெண்டு மூணு நாள்ல மனசு குழம்பும். எங்க இருக்கோம்னே தெரியாது. நடக்காததை நடந்ததா சொல்லுவாங்க. வீட்டு ஆளுங்க மேலயே சந்தேகம் வரும். யாருக்கு வரும்னு முன்னாடியே தெரிஞ்சா உஷாரா இருக்கலாம். அதுக்குத்தான் இந்த ஸ்கேன். அப்பாவுக்கு அந்த உறை நேத்தைவிட இன்னைக்குத் தடிச்சிருக்கு. ஈரலுக்குப் போற ரத்த ஓட்டமும் சீரா இல்ல. கண்டிப்பா வரும்னு சொல்லலைங்க. வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

"வந்தா போயிடுமா மேடம்?"

"பெரும்பாலும் போயிடும். சில பேருக்கு நாளாகும். சில பேரு முழுசா பழையபடி ஆகறதில்ல."

சுமலதாவுக்குத் தன் அப்பா நினைவு வந்தது. அவள் பிறந்தது சத்தியவேடு பக்கம். அவளுடைய நைனா இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியபோது உடம்புதான் திரும்பி வந்தது. பெற்ற மகளைப் பார்த்து, "யாரம்மா நீ, இன்னா விசயம்?" என்று மரியாதையாக விசாரித்தார். சாகிற வரைக்கும் அப்படித்தான். அம்மா அவரை விட்டு வாசலைத் தாண்டவில்லை. ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு கோயில் கிடையாது. அம்மா பேசுவதையே பாதி மறந்துபோனாள்.

மாமனார் அப்படி வந்தால் வீட்டோடு கிடக்கப்போவது யார் என்று ஊரில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கம்பெனி, வேன், ஜன்னலோரம் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முழுக்கு. இப்படி நினைத்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் நினைப்பு உண்மைதான். அவர் நல்லபடியாக வரவேண்டும் என்பதில் அவருக்குப் பாதி, தனக்குப் பாதி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நான் இன்னா மேடம் செய்யணும்?"

"ஐசியுல கூட இருக்க விடமாட்டோம். உங்களை மட்டும் பகல்ல விடச் சொல்றேன். கண்ணாடியைப் போட்டு விடுங்க. பகல்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்கார வைங்க. இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த இடம், வீட்ல யாரு எப்படி இருக்காங்க, எல்லாம் சொல்லிக்கிட்டே இருங்க. உண்மையைச் சொல்லுங்க. குழம்புற மனசுக்குப் பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருக்கு."

செவ்வாய்க்கிழமை மூச்சுக்குழாயை எடுத்தார்கள். சுமலதா உள்ளே போய் முதலில் விபூதியைத்தான் எடுத்தாள். சிறுவாபுரி முருகன் கோயில் விபூதி. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து காலையில் அவர் நெற்றியில் அதைப் பூசிவிடுவது வழக்கமாகியிருந்தது. நர்ஸ் மெர்சி பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இராமலிங்கம் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வீரராகவன் நின்றிருந்தார். அண்ணன் கண் திறந்ததும் ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான். வெளியே வந்த சுமலதாவிடம், "வியாழக்கெழம வரேம்மா, நாளைக்கு நடவு ஆளுங்க வராங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

மெர்சிக்கு ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் இராமலிங்கத்தின் மனசு தெளிவாக இருக்கிறதா என்று சில கேள்விகள் கேட்டுக் குறிக்கவேண்டும். ஐசியுவில் எல்லோருக்கும் அது உண்டு, ஸ்கேன் காரணமாக இவருக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம்.

"கல்லு தண்ணியில மிதக்குமா அப்பா?"

"மெதக்கும்."

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். "மிதக்குமா?"

"ராமேஸ்வரத்துல ஒரு தொட்டியில போட்டு வெச்சிக்கினு இருக்காங்களே. நானும் என் தம்பியும் போனப்ப பாத்தோம். அவன் வெரலால அமுக்கினான், மறுபடியும் மேல வந்துச்சு."

சுமலதா குறுக்கே விழுந்து, அது தெளிவோடு சொல்கிற பதில்தான் என்று எடுத்துச் சொன்னாள். மெர்சி சிரித்துக்கொண்டே, "உங்க மாமனாரு என்னைத்தான் குழப்புறாரு அக்கா" என்று சரியென்றே குறித்தாள். வீட்டில் யார் யார் என்று கேட்டதற்குப் பெண்டாட்டி, பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், அடுத்த வீட்டில் தம்பி என்று வரிசையாகச் சொன்னார். ஸ்கேன் பொய்த்துப்போகும் என்று சுமலதாவுக்கு அன்றைக்கு ஒரு தைரியம் வந்தது. பெஞ்சிலேயே கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் பாஸ்கர் போன் செய்தான். "சித்தப்பா போயிட்டாரு" என்றான். சிப்காட் ரோட்டில், விடிகாலையில் மோட்டார் போடப் போகையில், லாரி அடித்துவிட்டது. உடனே அடுத்ததைச் சொன்னான். "நைனாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நெஞ்ச அறுத்துப் போட்டுக்கினு படுத்துக்கினு இருக்கற மனுசன். தெரிஞ்சா அங்கயே நின்னுபோயிடும். பங்காளிங்க எல்லாரும் பேசிட்டோம். நர்ஸுக்கும் சொல்லாத, வாய் தவறி சொல்லிடுவாங்க. நீ அங்கயே இரு. நீ இல்லன்னா சந்தேகப்படுவாரு."

சாவுக்கும் அவளுக்கு விடுப்பு இல்லை என்று ஆனது. சின்ன மாமனார் அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "அம்மாடி" என்பார். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்களுக்கான குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். கதவை யாரோ தட்டினார்கள். அழுகையை அரைகுறையாக நிறுத்திக்கொண்டு ஈரத் தலையோடு ஐசியுவுக்குப் போனாள்.

இராமலிங்கம் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார்.

விபூதிப் பொட்டலம் அவள் பையில்தான் இருந்தது. ஆனால் பங்காளி வீட்டுத் தீட்டு. அந்தக் கையால் முருகன் விபூதியைத் தொட்டு, இப்போதுதான் தைத்து மூடியிருக்கிற நெஞ்சுக்காரரின் நெற்றியில் வைத்து, ஏதாவது ஆகிவிட்டால்? பொய் சொல்ல வாய் வந்தது. விபூதியைத் தொடக் கை வரவில்லை.

"பொட்டலத்த ஊட்லயே மறந்து வுட்டுட்டேன் மாமா" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருப்பது புதுசில்லை என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை வீட்டிலிருந்து வந்தார்கள். பொய் சொல்வதென்று முடிவு செய்த பங்காளிகள், என்ன பொய் என்று பேசிவைக்க மறந்திருந்தார்கள். தம்பி எங்கே என்று கேட்டதற்குப் பச்சையம்மா, "சூலூர்ப்பேட்டையில மவ ஊட்டுக்குப் போயிக்கீறாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்த பாஸ்கர், "ஜொரம், படுத்துக்கினு இருக்காரு" என்றான். சுமலதாவோ காலையிலேயே நடவு வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். மூன்று பேர் நெற்றியும் வெறுமையாக இருந்தது. பச்சையம்மா தலையில் பூ இல்லை. அந்த மூன்று நெற்றிகளையும் இராமலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சுமலதா ஊருக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். ஐசியு கதவைத் தள்ளியதுமே கால் நின்றுவிட்டது. இராமலிங்கத்தின் இரண்டு கைகளிலும் உறை மாட்டிக் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மருந்து மயக்கம்.

மெர்சி ஓடிவந்தாள். "ஆரம்பிச்சிடுச்சு அக்கா. ஸ்கேன்ல சொன்ன மாதிரியே. தம்பி செத்துட்டான், எல்லாரும் சேர்ந்து மறைக்கறீங்க, நான் போய் அவனுக்குத் தண்ணி ஊத்தணும்னு எந்திரிச்சிட்டாரு. கையில இருந்த ஊசியைப் பிடுங்கிட்டாரு. ரத்தம். கட்டினாத்தான் ஆச்சுன்னு டியூட்டி டாக்டர் சொல்லிட்டாரு. தூங்கறதுக்கு மருந்து போயிட்டிருக்கு. நீங்க பயப்படாதீங்க, இது எதிர்பார்த்ததுதான்."

அவள் கண்ணும் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அவரோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சுமலதா பாஸ்கருக்குப் போன் செய்தாள். அவன் கேட்டுவிட்டு நீளமாக மூச்சு விட்டான். "நல்லதாப் போச்சு. குழப்பத்துல பேசறாருன்னே இருக்கட்டும். காரியம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத, பேஜாரு பண்ணிடாத."

அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. நினைத்துப் பார்த்தால் எவ்வளவு சுளுவான வழி. யாரும் எதையும் சொல்லவேண்டாம். டாக்டர் குழப்பம் என்கிறார், மெஷின் குழப்பம் என்கிறது, வீடும் குழப்பம் என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. கம்பெனியில் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டு ஒதுக்குகிற பட்டையை அவர்கள் உடனே குப்பையில் போடுவதில்லை. தனி டப்பாவில் போட்டு, ஒருத்தி கையில் எடுத்துத் தடவிப் பார்க்கவேண்டும். அந்த ஒருத்தி பெரும்பாலும் சுமலதாதான். இந்த மனுஷனை யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள்?

இராமலிங்கம் கண்ணைத் திறந்தார். அவளை அடையாளம் தெரிந்தது. வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"கட்ட அவுத்து வுட சொல்லும்மா. நெஞ்ச பொளந்துக்கினு எங்க ஓடப் போறேன்."

"மாமா..."

"நீயுமா."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுமலதாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நைனா நினைவுக்கு வந்தார். அம்மா நினைவுக்கு வந்தாள். குணா அனுப்பிய மெசேஜ் பார்க்காமலே போனில் கிடந்தது. அதெல்லாம் ஒரு பக்கம். உள்ளதைச் சொன்ன ஒரு மனுஷனின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், கட்டியது தன்னுடைய பொய் என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் அஸ்வினியைக் கதவோரமே மடக்கினாள்.

"மேடம், அவரு சொல்றது நெசம்."

"எது?"

"அவரு தம்பி புதன்கெழம செத்துட்டாரு. லாரி அடிச்சிடுச்சு. நாங்கதான் மறைச்சோம். அவருகிட்டயும் மறைச்சோம், உங்ககிட்டயும் மறைச்சோம்."

டாக்டர் திட்டுவார் என்று சுமலதா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை ஒரு முறை தேய்த்துக்கொண்டார்.

"குழம்பும்னு ஸ்கேனைப் பார்த்து நாங்க காத்துக்கிட்டிருந்தோம்" என்றார். "காத்துக்கிட்டிருக்கறது வந்துட்டா, அது அதுதானான்னு யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல. நானும் பார்க்கலை. வாங்க."

மருந்தை நிறுத்தச் சொன்னார். மயக்கம் தெளியட்டும் என்று மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, கிழமையைப் பின்னாடியிருந்து சொல்லுங்க பார்க்கலாம். இன்னைக்கு வெள்ளி."

இராமலிங்கத்தின் நாக்கு இன்னும் கனமாக இருந்தது. "வியாழன்" என்றார். "பொதன்." அங்கே நின்றார். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. "செவ்வா. திங்க. ஞாயிறு. சனி." தப்பில்லை. இன்னும் இரண்டு மூன்று கேட்டார். தான் சொல்லும் எழுத்துகளில் 'அ' வரும்போது மட்டும் தன் கையை அழுத்தச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தது. டாக்டரே குனிந்து இரண்டு கைக்கட்டையும் அவிழ்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார்.

சுமலதா மாமனாரின் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவள் தொட்டதில்லை. மருந்துச்சீட்டு வாங்கும்போதுகூட விரல் படாது. கட்டின இடத்தில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"சின்ன மாமா இல்ல மாமா. போயிட்டாரு."

கட்டிலுக்கு மேலே பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பாஸ்கர் பயந்த மாதிரி அது நிற்கவில்லை. கொஞ்சம் வேகமெடுத்தது, பிறகு தன் பாட்டுக்கு ஓடிற்று.

"பொதன்கெழமதான?" என்றார் இராமலிங்கம்.

"ஆமா."

"வெடிகாலையிலயா?"

"ஆமா மாமா. மோட்டாரு போடப் போனப்ப."

"அன்னிக்குத்தான் விபூதி நின்னுச்சு." கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடியது. துடைத்துக்கொள்ள இப்போது கை இருந்தும் அவர் துடைக்கவில்லை. "பொட்டலம் உன் பையிலதான் இருந்துச்சு, செவ்வாக்கெழம நீ எடுத்து வெச்சத நான் பாத்தேன். நீ மறக்கற ஆளு இல்ல. ஈரத் தலையோட வேற வந்த. பங்காளியில யாரோன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சு. மறுநாளு எல்லாரும் வந்தீங்க. அவன் வரல. வேற இன்னா கணக்கு இருக்குது இதுல."

டாக்டர் அஸ்வினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிக்கணுமேம்மா" என்றார் இராமலிங்கம். சாவுச் சேதி கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவேண்டும். நெஞ்சு முழுக்கத் தையல். சுமலதா டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் தலையசைத்தார். மெர்சி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து சுமலதா அவர் தலையைத் துடைத்துவிட்டாள். நெற்றியை, காதுப் பக்கம் ஓடிய கண்ணீரை, கழுத்தை, கடைசியில் கால் இரண்டையும். அவர் வாய்க்குள்ளேயே "ராகவா, ராகவா" என்றார். அதில் குழப்பம் எதுவும் இல்லை.

மத்தியானம் பாஸ்கர் வந்து, வராந்தாவில் அவள்மேல் எரிந்து விழுந்தான். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்றான், அவர் உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் நைனா வந்து கொடுப்பாரா என்றான். கத்தி ஓய்ந்ததும் அவனாகவே உள்ளே போனான். அப்பாவின் கட்டில் காலடியில் நின்றவன், கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்க அழுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சாவு வீட்டில் ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்கும் அழ நேரம் கிடைத்திருக்கவில்லை போலிருக்கிறது. இராமலிங்கம் அவன் தலையில் கை வைத்து, "காரியத்த நல்லா செய்ங்கடா. நான் வரலன்னு அவன் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டான்" என்றார்.

சுமலதா பெஞ்சில் உட்கார்ந்து குணாவின் மெசேஜைத் திறந்தாள். எப்போது வருவாய் என்று ஒரே வரி. மாமாவை வீட்டுக்குக் கூட்டிப் போனதும் வருகிறேன், என் இடத்தில் யாரையும் போட்டுவிடாதீர்கள் என்று பதில் அனுப்பினாள். அனுப்பியபோது கையில் ஒரு நிச்சயம் இருந்தது.

சாயங்காலம் மெர்சி அடுத்த ஷிப்டுக்கு வந்தாள். காலையில் நடந்ததை நினைத்தோ என்னவோ கட்டிலருகே வந்து தயங்கி நின்றாள். "டாக்டர் இந்தக் கேள்வியை இன்னும் விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அப்பா. அந்தக் கண்டம் முழுசா தாண்டலையாம். கேள்வி கேக்கட்டுமா?"

"கேளும்மா. உன் வேல அது."

"கல்லு தண்ணியில மிதக்குமா?"

மெர்சியின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது. ராமேஸ்வரத்துத் தொட்டி வரும் என்று அவளும் காத்திருந்தாள், சுமலதாவும் காத்திருந்தாள்.

"மெதக்காது" என்றார் இராமலிங்கம்.

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. "வீட்ல யாரு யாரு இருக்காங்க அப்பா?"

"பொண்டாட்டி. புள்ள. மருமவ. பேரப் புள்ளைங்க ரெண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பக்கத்து ஊட்ல தம்பி இருந்தான். இப்ப இல்ல."

மெர்சி குனிந்து குறித்துக்கொண்டாள். எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. எந்தத் தெளிவுக்காக சுமலதா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தாளோ அது முழுசாக அவர் முகத்தில் இருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் குழம்பியிருக்கக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அவருடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிவிட்டாள்.